இன்டர்நெட்டுக்கு வீடு கட்டிய குரோம்பேட்டை மாணவர்

மணலி புதுநகரில் அந்த வீட்டில் மூன்று நாளாக ஒரே பேச்சுதான். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா, வேண்டாமா?

மகள் படித்தது எலெக்ட்ரிகல் டிப்ளமோ. வேலை கிடைத்திருப்பது அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில். டெக்னீஷியன் வேலை. மூன்று ஷிஃப்ட். மாதத்தில் பத்து நாள் ராத்திரி டியூட்டி. வீட்டு வாசலுக்கே கம்பெனி வண்டி வரும். சம்பளமும் பரவாயில்லை.

பிரச்னை என்னவென்றால், டேட்டா சென்டர் என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. செய்தி கேள்விப்பட்டு, அம்மாவின் அண்ணன் திருவொற்றியூரிலிருந்து வந்துவிட்டார்.

"மாப்ள, அது கம்ப்யூட்டர் கம்பெனி. பாப்பா படிச்சது கரன்ட்டு. அங்க போயி இது என்ன பண்ணும்? இந்த நெட்டு கம்பெனியெல்லாம் இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. பக்கத்துல நல்ல ஃபேக்டரியா பாருங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. மணலியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் அவர். அதில் பாதி வருடம் ஜெனரேட்டர் ரூமில். அந்தத் தொழிற்சாலை நடுவில் இரண்டு முறை கை மாறியது. வாசலில் போர்டு மாறியது, சட்டையில் குத்தியிருந்த பேர் மாறியது. கடைசியில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். 'நல்ல ஃபேக்டரி' என்று மைத்துனர் சொன்னதும் அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மைத்துனர் கிளம்பிய பிறகு அம்மா கேட்டார். "இப்படிப் பேசாம இருந்தா எப்படிங்க? ஏதாவது சொல்லுங்க."

"எனக்கே புரியாதத நான் என்னன்னு சொல்றது? அவளையே கேப்போம்."

மேகத்தில் இல்லை, தரையில்

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். அங்கே நின்றால் வடக்கே அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் மினுங்குவது தெரியும். கீழே பொன்னேரி சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அப்பா, 2023 வெள்ளம் ஞாபகம் இருக்கா?" மகள் ஆரம்பித்தாள்.

மறக்குமா? மிக்ஜாம் புயல் மழையில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. முதல் நாளே கரன்ட் போனது. போனில் சிக்னல் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. திருவொற்றியூரில் இருந்த மாமாவிடம், 'நல்லா இருக்கோம்' என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

"சிக்னல் ஏன்ப்பா போச்சு? டவர்ல பேட்டரி தீர்ந்துபோச்சு. டவருக்கும் கரன்ட் வேணும். அதே மாதிரிதான் மத்ததும். அம்மா வாட்ஸ்அப்ல வெக்கிற போட்டோ, கேஸ் புக் பண்றது, நீங்க பென்ஷன் பாக்கறது, எல்லாம் எங்கயோ ஒரு பில்டிங்ல, ஒரு மெஷின்ல இருக்கு. அந்த மெஷினுக்கு ஒரு நிமிஷம் கூட கரன்ட் நிக்கக் கூடாது. சூடாகவும் கூடாது. அந்த பில்டிங்தான் டேட்டா சென்டர்."

"கிளவுடுன்னு சொல்றாங்களே?" அம்மா கேட்டார்.

"பேருதாம்மா கிளவுடு. இருக்கறது தரையிலதான்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அங்க யு.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாம் இருக்குமா?"

"அதுதாம்ப்பா அங்க மெயினே. கம்ப்யூட்டர் பாக்கறவங்களவிட கரன்ட்டும் ஏ.சி.யும் பாக்கறவங்க வேலைதான் பெருசு. இன்டர்வியூவுக்குப் படிக்கும்போது ஒருத்தரப் பத்திப் படிச்சேன். நம்ம குரோம்பேட்டையில படிச்சவரு. இந்த மாதிரி பில்டிங்க ஒரு பெரிய தொழிலாவே மாத்துன ஆளுங்கள்ல ஒருத்தர். சொல்லட்டுமா?"

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் கே.பி. சந்திரசேகர் வந்தார்.

குரோம்பேட்டையிலிருந்து

எம்.ஐ.டி. என்றதும் பலருக்கு அமெரிக்காதான் ஞாபகத்துக்கு வரும். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு எம்.ஐ.டி. உண்டு. சி. ராஜம் 1949-ல் குரோம்பேட்டையில் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். இயற்பியல் போன்ற பாடத்தில் பட்டம் பெற்றுவிட்டு, அதற்குப் பிறகு பொறியியல் படிக்க வருவது ஒரு காலத்தில் அங்கே வழக்கம். கலாம் அப்படித்தான் வந்தார். சந்திரசேகரும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முடித்துவிட்டு, எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தார்.

படித்து முடித்ததும் விப்ரோவில் வேலை. அங்கே சில வருடங்கள். பிறகு ரோல்ட்டா நிறுவனம். அந்த வழியில் அமெரிக்கா. 1992-ல் ஃபோரெஸ் என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார். நெட்வொர்க் சம்பந்தமான மென்பொருள் வேலைகளை மற்ற கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் வேலை. அதில் வந்த அனுபவத்தை வைத்து 1994-ல் பி.வி. ஜகதீஷ் என்ற நண்பருடன் சேர்ந்து எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்.

1994 என்பது எப்படிப்பட்ட காலம்? இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாகத்தான். அமெரிக்காவிலேயே கம்பெனிகள் அப்போதுதான் வெப்சைட் என்ற ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. எக்ஸோடஸ் முதலில் செய்தது, கம்பெனிகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் தொழில். அதைச் செய்ய நிறைய பேர் இருந்தார்கள். பணம் கையைக் கடித்தது.

அந்த நேரத்தில் உதவிக்கு வந்தவர் கன்வல் ரேகி. எக்ஸலான் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்காவில் இந்தியத் தொழில்முனைவோருக்கு வழிகாட்டியாக இருந்தவர். தன் சொந்தப் பணத்தை எக்ஸோடஸில் போட்டு, கூடவே நின்றார்.

"சரி, நெட் கனெக்‌ஷன் குடுத்தாங்க. பில்டிங்குக்கு எப்படி வந்தாங்க?" அப்பா கேட்டார். கதை அவருக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

மனை போட்டுக் கொடுப்பது போல

அன்றைக்கு ஒரு கம்பெனி வெப்சைட் நடத்த வேண்டுமென்றால், தன் ஆபீஸிலேயே ஒரு மூலையில் சர்வரை வைத்துக்கொள்ளும். அங்கிருந்து வெளியே ஒரு லைன் போகும். ஆபீஸில் கரன்ட் போனால் வெப்சைட்டும் போச்சு. ஏ.சி. நின்றால் மெஷின் சூடாகி நிற்கும். அந்த ஒரே லைன் அறுந்தால், கடை மூடியதுபோல.

வெப்சைட் என்பது விளம்பரப் பலகையாக இருந்தவரை இது பெரிய விஷயமில்லை. அதுவே கடையாக, ஏலக் கூடமாக, தபால் ஆபீஸாக மாறியபோது பெரிய விஷயமாகிவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமாக ஜெனரேட்டர், யு.பி.எஸ்., இரண்டு மூன்று கேபிள் இணைப்பு, 24 மணி நேர ஆட்கள் என்று வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது.

எக்ஸோடஸ் இந்த இடத்தில்தான் திரும்பியது. 'உங்கள் மெஷினைக் கொண்டுவந்து எங்கள் கட்டடத்தில் வையுங்கள். மெஷின் உங்களுடையது. அதில் என்ன ஓடுகிறது என்பது உங்கள் விஷயம். கரன்ட், குளிர், கேபிள், காவல் எங்கள் பொறுப்பு.' 1990-களின் நடுவில், கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாராவில் இந்தத் தொழில் சூடுபிடித்தது.

மகள் இதைச் சொன்னபோது அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"நம்ம ஊரு மாதிரி."

மணலி புதுநகர் தானாக வளர்ந்த ஊர் இல்லை. மணலித் தொழிற்சாலைகளை நம்பி வருகிறவர்களுக்காக, சி.எம்.டி.ஏ. திட்டம் போட்டு மனை பிரித்து உருவாக்கிய ஊர். இவர்கள் மனை வாங்கி வந்தபோது ரோடு கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. லைட்டுக் கம்பம் இருந்தது. வீடு மட்டும்தான் இல்லை. ஒருவர் ஓலைக் குடிசை போட்டார், ஒருவர் ஆஸ்பெஸ்டாஸ் போட்டார், இன்னொருவர் எடுத்த எடுப்பிலேயே மாடி கட்டினார். ரோடும் கம்பமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"அதேதாம்மா," என்றாள் மகள். "அவரு மெஷினுக்கு மனை போட்டுக் குடுத்தாரு."

28 சதுர அடியில் கூகுள்

அந்தக் கட்டடத்துக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கம்பி வலை போட்ட கூண்டு ஒன்று உண்டு. பூட்டும் சாவியும் அவர்களிடம். சாந்தா கிளாராவில் எக்ஸோடஸின் கூண்டு ஒன்றை வாடகைக்கு எடுத்தவர்களில் இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். லாரி பேஜ், செர்கே பிரின். அவர்கள் தொடங்கியிருந்த கம்பெனியின் பெயர் கூகுள்.

கூகுளின் ஆரம்ப காலப் பொறியாளர்களில் ஒருவரான உர்ஸ் ஹோல்ஸ்லே, 1999 பிப்ரவரியில் அந்த இடத்துக்கு முதன்முதலாகப் போனதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். கூண்டின் அளவு 7 அடிக்கு 4 அடி. உள்ளே சுமார் 30 கம்ப்யூட்டர்கள். பக்கத்துக் கூண்டுகளில் ஈபே, ஆல்டாவிஸ்டா போன்ற அன்றைய பெரிய கைகள் இருந்தார்கள். 28 சதுர அடி என்பது இங்கே ஒரு சின்ன குளியலறை. உலகமே தேடப்போகும் கூகுள் அவ்வளவு இடத்தில்தான் குடியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் வாடகை சதுர அடிக் கணக்கில். கரன்ட்டும் குளிரும் அந்த வாடகையிலேயே அடக்கம். கூகுள்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கம்ப்யூட்டரின் மேல் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்க் அட்டை விரித்த தட்டுகளில் மதர்போர்டுகளை நெருக்கி அடுக்கினார்கள். ஒரே இடத்துக்குள் எத்தனை முடியுமோ அத்தனை.

அப்பா இப்போது சத்தமாகவே சிரித்தார். "ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துட்டு பத்து பேர் தங்கற மாதிரி. ஓனருக்கு கரன்ட் பில்லு எகிறியிருக்குமே?"

அது உண்மைதான். அதனால்தான் இன்று இந்தத் தொழிலில் யாரும் சதுர அடியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதில்லை. எத்தனை கிலோவாட் என்றுதான் கேட்கிறார்கள். பெரிய டேட்டா சென்டரின் அளவைச் சொல்வதே மெகாவாட்டில்.

ஏற்றமும் இறக்கமும்

1998 மார்ச்சில் எக்ஸோடஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே வருடம் தலைமை நிர்வாகப் பொறுப்பை எலன் ஹான்காக் என்ற பெண்மணியிடம் கொடுத்தார்கள். ஐ.பி.எம்.மிலும் ஆப்பிளிலும் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். தான் தொடங்கிய கம்பெனியின் சாவியை, அதைவிடப் பெரிய கம்பெனிகளை நடத்திப் பழகியவரிடம் சந்திரசேகர் கொடுத்ததை, கதையில் அம்மா தனியாகக் கவனித்தார். "நம்ம ஆளுங்க யாரு அப்படிக் குடுப்பாங்க?"

அடுத்த இரண்டு வருடம் எக்ஸோடஸுக்குப் பொற்காலம். டாட்காம் என்று பெயர் வைத்த எல்லாருக்கும் பங்குச் சந்தை பணத்தைக் கொட்டியது. அந்த டாட்காம்கள் எல்லாம் குடியிருக்க இடம் தேடி எக்ஸோடஸுக்கு வந்தன. நிறுவனம் நகரம் நகரமாகக் கட்டடம் எழுப்பியது. 2000 செப்டம்பரில், குளோபல் சென்டர் என்ற போட்டி நிறுவனத்தை சுமார் 650 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது.

கட்டடம் எழுப்பப் பணம் வேண்டும். கரன்ட் வசதி, ஜெனரேட்டர், குளிரூட்டும் கருவிகள் எல்லாம் முதலிலேயே போட்டுவிட வேண்டிய செலவு. வாடகை பிறகுதான் மெதுவாக வரும். அதனால் கடன். 300 கோடி டாலருக்கும் மேல் கடன்.

பிறகு டாட்காம் குமிழி உடைந்தது. குடியிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. வாடகை நின்றது. வட்டி நிற்கவில்லை. ஆள் குறைப்பு நடந்தது. 2001 செப்டம்பர் 26-ம் தேதி எக்ஸோடஸ், திவால் சட்டப் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது சந்திரசேகர் நிர்வாகப் பொறுப்பில் இல்லை. ஆனாலும் அது அவர் பெற்ற பிள்ளை.

எக்ஸோடஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, கூட்டமாகப் புறப்பட்டுப் போவது என்று அர்த்தம். மகள் அதைச் சொன்னதும் அம்மா, "பேரு வெக்கும்போதே பாத்து வெச்சிருக்கணும்" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாமா சொன்னது சரிதானேம்மா? இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது."

போர்டு மாறியது, ஜெனரேட்டர் ஓடியது

மகள் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள்.

"கம்பெனி போச்சுப்பா. பில்டிங் போகலை."

எக்ஸோடஸின் சொத்துகளில் பெரும்பகுதியை கேபிள் அண்ட் வயர்லெஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2002-ல் வாங்கிக்கொண்டது. அதனாலும் அமெரிக்காவில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2004-ல் சாவிஸ் என்ற நிறுவனம் வாங்கியது. 2011-ல் சாவிஸையே செஞ்சுரிலிங்க் வாங்கியது. வாசலில் போர்டு மாறிக்கொண்டே இருந்தது. உள்ளே சர்வர்களுக்குக் கரன்ட் போய்க்கொண்டே இருந்தது. கூண்டை வாடகைக்கு விடும் அந்த யோசனை, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கூகுள் போன்றவை வளர்ந்து தங்களுக்கென்று சொந்தமாகவே பெரிய டேட்டா சென்டர்களைக் கட்டிக்கொண்டன.

அந்த இரண்டு நண்பர்களும் ஓய்ந்துவிடவில்லை. ஜகதீஷ் பிறகு நெட்ஸ்கேலர் என்ற நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2005-ல் சிட்ரிக்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. சந்திரசேகர், எக்ஸோடஸ் உச்சத்தில் இருந்த 1999-லேயே ஜாம்கிராக்கர் என்ற அடுத்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். மென்பொருளைப் பெட்டியில் வாங்கிப் போட வேண்டாம், இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் யோசனை. இன்று எல்லாரும் சாதாரணமாகச் செய்வது. அப்போது சீக்கிரமாக வந்துவிட்ட யோசனை.

அவர் செய்த இன்னொன்று குரோம்பேட்டையிலேயே இருக்கிறது. தான் படித்த எம்.ஐ.டி. வளாகத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் உருவாக உதவினார். அதன் பெயர் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். அண்ணா பல்கலைக்கழகம், கே.பி. சந்திரசேகர் என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகள். உயிரியல் ஆராய்ச்சியும் அங்கே உண்டு, மொழி ஆராய்ச்சியும் உண்டு. கம்ப்யூட்டர் தமிழைப் புரிந்துகொள்ளவும், தமிழிலிருந்து பிற மொழிகளுக்கு மொழிபெயர்க்கவும் வேண்டிய வேலைகள் பல வருடமாக அங்கே நடந்திருக்கின்றன. பங்குச் சந்தை ஏற்றத்தில் சம்பாதித்த எத்தனையோ பேரின் பணம் இறக்கத்தில் கரைந்தது. அந்த மையத்துக்குப் போனது கரையவில்லை.

"வேலை செஞ்ச பசங்க என்ன ஆனாங்க?" அப்பா கேட்டார். "பெரியவங்க அடுத்த கம்பெனி ஆரம்பிச்சிடுவாங்க. ஷிஃப்ட்டுக்கு வந்தவன்?"

"வேலை போனவங்க இருக்காங்கப்பா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா புதுசா வாங்குன கம்பெனிக்கும் ஜெனரேட்டர் ஓட்ட ஆள் வேணும். நீங்க எத்தனை முதலாளியப் பாத்தீங்க?"

"மூணு."

"ஜெனரேட்டர்?"

அப்பா யோசித்தார். "அதே ரெண்டுதான். ஒண்ணுக்கு மட்டும் நடுவுல இன்ஜின் பிரிச்சு வேலை பார்த்தோம்."

கடலில் கேபிள், கரையில் புகை

சென்னையில் இந்தத் தொழில் இப்போது ஏன் வேகமாக வளர்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 2002-ல் சிங்கப்பூரிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ என்ற கடலடி கேபிள் சென்னையில் கரையேறியது. பிறகு இன்னும் சில கேபிள்கள் வந்தன. 2020-ல் சென்னையிலிருந்து அந்தமான் நிகோபாருக்கு ஒரு கேபிள் போனது. கேபிள் கரையேறும் ஊரில் சர்வர்களை வைத்தால் வெளிநாட்டுக்குப் போய்வரும் நேரம் குறையும். கரன்ட்டும் இடமும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு 2021-ல் டேட்டா சென்டர்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் எழும்பின.

உள்ளே என்ன வேலை? மின்வாரியத்திலிருந்து கரன்ட் இரண்டு தனித்தனி வழிகளில் உள்ளே வரும். ஒன்று போனால் இன்னொன்று. இரண்டும் போனால், அந்த நொடியே யு.பி.எஸ். பேட்டரி தாங்கிக்கொள்ளும். சில நொடிகளில் ஜெனரேட்டர்கள் கிளம்பி, சுமையை எடுத்துக்கொள்ளும். நான்கு ஜெனரேட்டர் போதும் என்றால் ஐந்தாக வைத்திருப்பார்கள். ஒன்று மக்கர் செய்தாலும் வேலை நிற்கக் கூடாது. சர்வர்கள் தின்கிற கரன்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதை விடாமல் வெளியேற்ற குளிரூட்டும் கருவிகள். இவை எல்லாவற்றையும் மணிக்கொரு முறை சுற்றிப் பார்த்து ரீடிங் எழுத வேண்டும். பேட்டரியைச் சோதிக்க வேண்டும். டீசல் அளவு பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால், இப்படி ஒரு வேலை நடப்பதே வெளியே யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு அந்தக் கடைசி வரி நன்றாகவே தெரிந்திருந்தது. கரன்ட் இருக்கும்வரை எலெக்ட்ரீஷியனை யாரும் தேட மாட்டார்கள்.

அம்மா மட்டும் வடக்கே கை காட்டினார். "இவ்ளோ கரன்ட் எங்கேர்ந்து வருது? இதோ இங்கேர்ந்துதானே?"

அந்த மொட்டை மாடியில் கேட்க வேண்டிய கேள்விதான் அது. தமிழ்நாட்டின் மின்சாரத்தில் காற்றாலையும் சூரிய ஒளியும் உண்டு. நிலக்கரியும் உண்டு. வல்லூர் அனல் மின் நிலையம் மட்டும் 1,500 மெகாவாட். நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்து, மீன்பிடித்துப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடித்த கதை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரும்புள்ளி விழுவதும் தெரியும். யாரோ எங்கேயோ போனில் வீடியோ பார்ப்பதற்கான விலையில் ஒரு பங்கை, வட சென்னை மூச்சில் கட்டிக்கொண்டிருக்கிறது.

மகளிடம் அதற்குப் பதில் இல்லை. "அதையும் தெரிஞ்சுக்கிட்டுதான்மா போகணும்" என்று மட்டும் சொன்னாள். "கரன்ட்ட வீணாக்காம ஓட்டறதும் அங்க ஒரு வேலைதான். எவ்ளோ கரன்ட் மெஷினுக்குப் போகுது, எவ்ளோ ஏ.சி.க்குப் போகுதுன்னு தினமும் கணக்கு எடுப்பாங்களாம். அந்தக் கணக்கு எழுதற ஆளாவாவது இருக்கேன்."

இரண்டு மணி போன்

மறுநாள் காலை மைத்துனருக்கு அப்பாவே போன் செய்தார்.

"மச்சான், பாப்பாவ அனுப்பலாம்னு இருக்கேன்."

"கம்ப்யூட்டர் கம்பெனிக்கா?"

"இல்ல. ஜெனரேட்டர் ரூமுக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ராத்திரி டியூட்டிக்கு வண்டி வாசலுக்கே வருமான்னு கேட்டுக்கோ மாப்ள" என்றார் மைத்துனர்.

வேலைக்குச் சேரும் நாளில், அப்பா பீரோவிலிருந்து தன் பழைய டெஸ்டரை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் பிடி போட்டது. பிடியில் பழைய கம்பெனிகளில் ஒன்றின் பெயர், பாதி அழிந்து இருந்தது. அங்கே எல்லாக் கருவியும் கம்பெனியே கொடுக்கும், வெளியிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று மகளுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. வாங்கி, வீட்டில் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டாள்.

முதல் ராத்திரி டியூட்டி. அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. மணி இரண்டு. டீ இடைவேளை அந்த நேரம்தான் என்று சொல்லியிருந்தாள். போனை எடுத்தார். என்ன கேட்பது என்று யோசிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ராத்திரி ஷிஃப்ட்டில் கேட்ட கேள்விதான் வாயில் வந்தது.

"கரன்ட் இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டு, திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனார்.